வெள்ளை முயலுக்குள் இருக்கும் நிறங்கள்

முயலின் உரோமத்தில் தென்படும் கறுப்பு, சாக்லேட், நீலச்சாம்பல், செம்பழுப்பு, மணல் நிறம் ஆகிய அனைத்தும் மெலனின் என்னும் நிறமியின் இரண்டே வகைகளால் உண்டாகின்றன. ஒன்று கறுப்பும் பழுப்பும் தருகின்ற யூமெலனின், மற்றொன்று மஞ்சளும் சிவப்பும் தருகின்ற ஃபியோமெலனின். இவ்விரண்டில் எது, எந்த அளவில், உரோமத்தின் எந்தப் பகுதியில் படிய வேண்டும் என்பதைச் சில மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. நீண்ட கம்பளிக்காக வளர்க்கப்படும் அங்கோரா முயல்களில் பெரும்பாலானவை தூய வெள்ளையாகவே இருப்பதால், அவற்றுக்கும் இந்த நிறங்களுக்கும் தொடர்பில்லை என்று எண்ணத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு வெள்ளை அங்கோராவும் ஏதோ ஒரு நிறத்துக்கான மரபணுக்களை முழுமையாகச் சுமந்துகொண்டுதான் பிறக்கிறது. அந்த நிறத்தை வெளிக்கொணர்ந்து, கம்பளியின் நீளமும் அடர்த்தியும் குறையாமல் ஒரு நிலையான வகையாக்குவது தனி ஒருவரின் கொட்டகைக்குள் முடிகிற வேலை அன்று. எவ்வளவு கைதேர்ந்த வளர்ப்பாளராக இருந்தாலும் பிறரோடு சேராமல் முடியாது என்பதற்கான காரணம் மரபியலின் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

வெள்ளை எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்கினால் மற்றவை எளிதில் விளங்கும். மெலனின் உருவாவதற்கு டைரோசினேஸ் என்னும் நொதி முதற்படியிலேயே தேவைப்படுகிறது. இந்த நொதிக்கான மரபணுவை வளர்ப்பாளர்கள் சி மரபணு என்பர். ஒரு மரபணுவின் மாற்று வடிவங்களுக்கு அல்லீல்கள் என்று பெயர். ஒவ்வொரு முயலும் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரண்டு அல்லீல்களைப் பெறுகிறது. சி மரபணுவின் பழுதுபட்ட அல்லீலை இருபக்கமும் பெற்ற குட்டியில் நொதி வேலை செய்வதில்லை. நிறமி இல்லாத அதன் கண்களில் இரத்த ஓட்டத்தின் செம்மை மட்டுமே தெரிகிறது. மெயின் சுவிட்சை அணைத்த வீட்டில் எந்த அறையில் எந்த விளக்கு மாட்டப்பட்டிருக்கிறது என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாதது போல, செங்கண் கொண்ட வெள்ளை முயலைப் பார்த்து அதன் மற்ற நிற மரபணுக்கள் எவை என்று யாராலும் சொல்ல இயலாது. சி மரபணுவுக்கு இடைப்பட்ட அல்லீல்களும் உண்டு. மஞ்சள் நிறமியை ஏறத்தாழ முழுதும் நீக்கி வெள்ளியும் கறுப்பும் மட்டும் எஞ்சச் செய்வது சின்சில்லா அல்லீல். உடலின் குளிர்ந்த பகுதிகளில் மட்டுமே வேலை செய்யும் நொதியைத் தருவது இமாலயன் அல்லீல். கலிஃபோர்னியன் இன முயலின் காதும் மூக்கும் பாதமும் வாலும் கறுத்து, எஞ்சிய உடல் வெளுத்திருப்பது இதனால்தான்.

வெள்ளைக்குள் நிறம் மறைந்திருப்பதை முதலில் ஐயமறக் காட்டியவர்களுள் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரைச் சேர்ந்த சார்லஸ் சேம்பர்லின் ஹர்ஸ்ட் ஒருவர். மெண்டலின் விதிகள் 1900இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட சூட்டோடு அவர் வெள்ளை அங்கோராவையும் குட்டை உரோமம் கொண்ட பெல்ஜிய முயலையும் கலந்து, முடிவுகளை 1905இல் வெளியிட்டார். முதல் தலைமுறைக் குட்டிகள் அனைத்தும் குட்டை உரோமத்தோடு காட்டு முயலின் சாம்பல் நிறத்தில் பிறந்தன. அவற்றைத் தமக்குள் கலந்தபோது அடுத்த தலைமுறையில் வெள்ளையும் வந்தது, நீண்ட உரோமமும் வந்தது. பாட்டன் பாட்டி இருவரிடமும் கண்ணுக்குத் தெரியாதிருந்த கறுப்பும் வந்தது. அந்தக் கறுப்பு வெள்ளை அங்கோராவின் கொடை. அதே காலத்தில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் எர்னஸ்ட் காசில், அங்கோரா உரோமம் ஒடுங்கு பண்பு என்பதை, அதாவது இரு பெற்றோரிடமிருந்தும் அந்த அல்லீல் வந்தால்தான் வெளிப்படும் பண்பு என்பதை, 1903இலேயே எழுதியிருந்தார். பிற்காலத்தில் முயல் மரபியலுக்கென்று 1930இல் தனி நூலும் தந்தார்.

உரோமம் ஏன் நீள்கிறது என்பதற்கு மூலக்கூறு அளவில் விடை கிடைக்க நெடுநாள் ஆயிற்று. ஒவ்வொரு உரோமமும் சில காலம் வளர்ந்து, பின் ஓய்ந்து, உதிர்கிறது. வளர்ந்தது போதும் என்று உரோமக்காலுக்குச் சொல்லும் புரதங்களுள் முக்கியமானது எஃப்ஜிஎஃப் 5. இதன் மரபணு பழுதுபட்ட எலிகளுக்கு உரோமம் நீண்டு வளர்வதை 1994இல் கண்டனர். முயலின் அங்கோரா பண்பும் இதே மரபணுவோடு சேர்ந்தே கடத்தப்படுவதை 2004இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது. சாதாரண முயலின் உரோமம் ஐந்தாறு வாரங்களில் வளர்ச்சியை நிறுத்திவிட, அங்கோராவில் அது ஏறத்தாழ பதினான்கு வாரங்கள் நீடிக்கிறது. நல்ல ஜெர்மன் அங்கோரா முயல், எழுபத்தைந்து முதல் தொண்ணூறு நாள்களுக்கு ஒருமுறை கத்தரிக்கப்பட்டு, ஆண்டுக்கு ஒரு கிலோவும் அதற்கு மேலும் கம்பளி தருகிறது. இழையின் நடுவே காற்று அடைபட்ட சிற்றறைகள் இருப்பதால் எடை குறைந்தும் கதகதப்பு மிகுந்தும் இருப்பது இக்கம்பளியின் சிறப்பு.

நிறத்தைத் தீர்மானிக்கும் மற்ற மரபணுக்களுள் மூன்றை மட்டும் அறிந்துகொண்டால் போதும். முதலாவது ஏ மரபணு. குட்டை உரோம முயலின் முதுகில் வாயால் ஊதினால் உரோமம் விலகி வட்டமாகத் திறக்கும். அடியில் நீலச்சாம்பல், நடுவில் மணல் நிறம், நுனியில் கறுப்பு என்று வளையங்கள் தெரிந்தால் அது காட்டு நிறம். உரோமம் வளரும்போதே யூமெலனினிலிருந்து ஃபியோமெலனினுக்கு மாறி மீண்டும் திரும்புவதால் உண்டாகும் வளையங்கள் இவை. ஏ மரபணுவின் ஒடுங்கிய அல்லீல் இரண்டும் சேர்ந்தால் இந்த மாற்றம் நிகழாமல் ஒரே நிறமாகக் கறுத்துவிடும். இரண்டாவதான பி மரபணுவின் ஒடுங்கிய அல்லீல் கறுப்பைச் சாக்லேட்டாக மாற்றும். மூன்றாவது டி மரபணு; இதன் ஒடுங்கிய அல்லீல் நிறமித் துகள்களை உரோமத்தில் சீராகப் பரவவிடாமல் கொத்துக் கொத்தாகச் சேர்ப்பதால், கறுப்பு நீலச்சாம்பலாகவும் சாக்லேட் லைலாக் எனப்படும் வெளிறிய ஊதாச்சாம்பலாகவும் தோன்றும். அங்கோராவில் நிறத்தைக் கண்டறிவது சற்றுக் கடினம். இழை நீண்டுகொண்டே போவதால் நிறமி வெளுத்து, கறுப்பு அங்கோராவின் உடல் சாம்பலாகத் தெரியும்; முகத்திலும் காதிலும் பாதத்திலும் உள்ள குட்டை உரோமத்தைப் பார்த்தே அனுபவமுள்ளோர் நிறத்தை உறுதி செய்கின்றனர்.

இனிக் கணக்குக்கு வரலாம். காட்டு நிறமும் குட்டை உரோமமும் கொண்ட தூய கால்வழி முயல் ஒன்றையும், லைலாக் நிறத்துக்கான மூன்று ஒடுங்கு பண்புகளையும் அங்கோரா பண்பையும் ஒருங்கே உடைய ஒன்றையும் கலப்பதாகக் கொள்வோம். முதல் தலைமுறையில் அத்தனையும் மறைந்துவிடும். இரண்டாம் தலைமுறையில் ஒவ்வொரு ஒடுங்கு பண்பும் வெளிப்பட நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. நான்கும் ஒரே குட்டியில் சேர்வதற்கான வாய்ப்போ 256இல் ஒன்று. ஒரு தாய் முயல் ஆண்டுக்கு ஐந்து ஈற்று, ஈற்றுக்கு ஏழு குட்டி என்று ஈன்றாலும் ஆண்டுக்கு 35 குட்டிகளே கிடைக்கும். அந்த ஒரு குட்டிக்காக ஏழு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேரலாம். அதற்குள் அத்தாயின் ஈனும் காலமே முடிந்திருக்கும். வந்த குட்டி ஆணாக இருந்தால் பெண்ணுக்கும், பெண்ணாக இருந்தால் ஆணுக்கும் மீண்டும் காத்திருக்க வேண்டும். கம்பளி நன்றாக இருக்குமா என்பது அதற்கும் அப்பாற்பட்ட கேள்வி.

இந்த வேலையை இருவர் பிரித்துக்கொள்ளும்போது நிலைமை தலைகீழாக மாறுகிறது. ஒருவர் சாக்லேட் அங்கோராவை மட்டும், மற்றொருவர் நீலச்சாம்பல் அங்கோராவை மட்டும் தூயதாக நிலைநிறுத்திவிட்டு, பிறகு ஆண் முயல்களை மாற்றிக்கொண்டால், கலப்பில் பிறக்கும் முதல் தலைமுறை முழுவதும் நீண்ட கம்பளியோடு கறுப்பாக இருக்கும். அடுத்த தலைமுறையில் பதினாறில் ஒன்று லைலாக். ஏ மரபணுவும் அங்கோரா மரபணுவும் இரு பக்கமும் ஏற்கெனவே ஒடுங்கிய வடிவிலேயே இருப்பதால் அவற்றுக்காக மீண்டும் சீட்டுக் குலுக்க வேண்டிய தேவை இல்லை. 256ஐப் பதினாறாகக் குறைத்தது இருவர் தம் கொட்டகைகளில் வெவ்வேறு வேலையைச் செய்துவிட்டு ஒரு முயலைக் கைமாற்றியதுதான். புதிய கருவியோ ஆய்வுக்கூடமோ இதில் இல்லை. நிறப் பெருக்கத்தில் கூட்டுழைப்பு என்பது நல்லெண்ணத்தின் அடையாளம் மட்டுமன்று, அதுவே முறையின் உயிர்நாடி.

சில நிறங்கள் இன்னும் பிடிகொடாதவை. வெள்ளை உடலில் கறுப்புப் புள்ளிகள் தரும் அல்லீல் கிட் என்னும் மரபணுவில் இருக்கிறது. அந்த மரபணுவும் அங்கோரா மரபணுவும் முயலின் ஒரே குரோமோசோமில் அமைந்தவை. இவ்வாறு அருகருகே அமைந்த மரபணுக்கள் பெரும்பாலும் சேர்ந்தே கடத்தப்படுவதற்குப் பிணைப்பு என்று பெயர். புள்ளியுள்ள குட்டை உரோம முயலை அங்கோராவோடு கலந்தால், புள்ளி குட்டை உரோமத்தோடும் நீளம் புள்ளியின்மையோடும் ஒட்டிக்கொண்டே வரும். விந்தோ சினைமுட்டையோ உருவாகும்போது குரோமோசோம் துண்டுகள் இடம் மாறிக்கொள்ளும் குறுக்கேற்றம் நிகழ்ந்தால்தான் புள்ளியும் நீளமும் ஒரே குரோமோசோமில் சேரும். காசில் காலத்து ஆய்வுகளின்படி இவ்விரு மரபணுக்களுக்கிடையே அது நிகழ்வது நூற்றுக்குப் பதினைந்துக்கும் குறைவே. இதில் எச்சரிக்கைக்குரிய செய்தி ஒன்றும் உண்டு. இந்தப் புள்ளி அல்லீலை இருபக்கமும் பெற்ற குட்டிகள் ஏறத்தாழ முழு வெள்ளையாகப் பிறப்பதோடு, பெருங்குடலில் நரம்பணுக்கள் குன்றி, குடல் வீங்கும் நோய்க்கும் ஆளாகக்கூடும் என்பதை இத்தாலிய ஆய்வாளர் லூக்கா ஃபொன்டனேசியும் அவருடைய குழுவினரும் 2014இல் விளக்கினர். புள்ளி முயல்களைத் தமக்குள் கலக்காமல், புள்ளி அற்றவற்றோடு மட்டுமே கலக்க வேண்டும். அழகுக்காக ஒரு குட்டியின் வயிற்றைப் பணயம் வைப்பது எந்த வளர்ப்பாளருக்கும் தகாது.

தனியாக உழைப்பதில் மற்றொரு இடர் உட்கலப்பு. நெருங்கிய உறவுள்ள முயல்களைத் தொடர்ந்து கலக்கும்போது, நன்மை தரும் அல்லீல்களோடு தீமை தருபவையும் இருபக்கமும் சேர்ந்து, ஈற்றின் அளவு குறைவது, குட்டிகள் மடிவது, கம்பளி மெலிவது என்று விளைவுகள் காணப்படும். ஒரு தலைமுறைக்கு உட்கலப்பு எவ்வளவு ஏறும் என்பதை ஆண், பெண் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிட விலங்கு மரபியலில் எளிய வாய்பாடு உண்டு. ஓர் ஆணும் நான்கு பெண்ணும் மட்டும் வைத்திருப்பவரின் கொட்டகையில் அது தலைமுறைக்கு 15.6 விழுக்காடு. பத்துப் பேர் ஆளுக்கு இரண்டு ஆணும் ஐந்து பெண்ணும் வைத்துக்கொண்டு, பதிவேட்டைப் பகிர்ந்து, ஆண்களைச் சுழற்சியில் மாற்றிக்கொண்டால் அதே அளவு 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும்.

இவ்வாறு வெவ்வேறு கொட்டகைகளின் உழைப்பு சேர்ந்த வரலாறு அங்கோராவில் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தைச் சேர்ந்த லியோபோல்டினா மேயர், பளபளப்பான உரோமம் கொண்ட சாட்டின் இனத்தைப் பிரெஞ்சு அங்கோராவோடு கலந்ததிலிருந்து சாட்டின் அங்கோரா உருவானது. இழையின் புறவுறை ஒளியை ஊடுருவ விடுவதால் அதன் நிறம் ஆழ்ந்து தெரியும். அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம் 1987இல் அதை ஏற்றது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லூயிஸ் வால்ஷ் ஜெர்மன் அங்கோராவைப் பேருடல் கொண்ட இனங்களோடு கலந்து பெற்ற ஜயன்ட் அங்கோரா அடுத்த ஆண்டு ஏற்கப்பட்டது, அதுவும் செங்கண் வெள்ளை நிறத்தில் மட்டும். கறுப்புக்குப் பின்னரே அங்கீகாரம் கிடைத்தது. புதிய நிறம் ஒன்றை ஏற்குமாறு கோருவோர், ஒரே வடிவும் ஒரே நிறமும் உடைய முயல்களை அச்சங்கத்தின் தேசிய மாநாடுகளில் ஒருமுறைக்கு மேல் கொண்டுவந்து நடுவர்களுக்குக் காட்டித் தேற வேண்டும். அதனால் ஒருவர் பெயரில் விண்ணப்பம் போனாலும், அதன் பின்னால் பலருடைய குட்டிகளும் குறிப்பேடுகளும் இருக்கின்றன.

இந்தியாவில் அங்கோரா வளர்ப்பு இமயமலைச் சாரலைச் சார்ந்தது. ராஜஸ்தானின் அவிகாநகரில் 1962இல் தொடங்கப்பட்ட மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை நிலையம் இமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கில் கார்சாவில் ஜெர்மன் அங்கோராவைப் பேணி, மலைக் குடியானவர்களுக்குக் குட்டிகள் வழங்கிவருகிறது. அதே நிறுவனத்தின் தென் மண்டல நிலையம் கொடைக்கானலுக்கு அப்பால் மேல் பழனி மலையில், ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்திலுள்ள மன்னவனூரில் 1965 முதல் இயங்குகிறது. இறைச்சிக்கான ஒயிட் ஜயன்ட், சோவியத் சின்சில்லா முயல்களைத் தமிழகத்து வளர்ப்பாளர்கள் வாங்கிச் செல்வது பெரும்பாலும் அங்கிருந்துதான். சென்னைக்குத் தெற்கே காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்திலும் முயல் வளர்ப்பு நடைபெறுகிறது.

சென்னையின் புறநகரான பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் ஆகிய பகுதிகளில் மாடியிலோ வாசல் திண்ணையிலோ முயல் வளர்ப்போருக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை நன்கு தெரிந்த இடம். அங்கே கூண்டுகளில் வரும் முயல்களில் சற்று உரோமம் நீண்ட எதையும் அங்கோரா என்று சொல்வது வழக்கம்; பெற்றோர் எவை என்ற பதிவு இன்றி அந்தப் பெயரை நம்புவதற்கில்லை. அதைவிட முக்கியமானது வெயில். முயலுக்கு வியர்வை கிடையாது. காதின் இரத்தக் குழாய்களை விரித்தும் வேகமாக மூச்சு வாங்கியுமே அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை அதற்கு இதமான வெப்பம். 30ஐத் தாண்டினால் தீனி குறைந்து, ஆணின் விந்தும் தரம் இழக்கிறது. மீனம்பாக்கத்தை ஒட்டிய இப்பகுதியில் மே மாத வெப்பம் 40ஐத் தொடும்போது, உடலெங்கும் கம்பளி போர்த்திய அங்கோராவை வளர்ப்பது அதை வதைப்பதற்கே சமம். மின்விசிறி ஒன்று வைத்ததால் அது தீர்ந்துவிடாது. முயல் என்றதும் பலரும் நம் புதர்க்காடுகளில் ஓடும் காட்டு முயலை இதன் மூதாதை என்று கருதுவதும் உண்டு. அது தனி இனம்; 48 குரோமோசோம்கள் உடையது; ஐபீரியத் தீபகற்பத்துக் குழிமுயலிலிருந்து வந்த வீட்டு முயலுக்கு 44. இரண்டும் கலந்து பெருகுவதில்லை, காட்டு முயலைப் பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

ஆனால் வெயில் ஊர்களில் இருப்போருக்கு இந்த ஆக்கத்தில் இடமே இல்லை என்று முடிவு கட்டத் தேவையில்லை. நிற மரபணுக்கள் குட்டை உரோமத்திலும் நீண்ட கம்பளியிலும் ஒன்றேதான். சாக்லேட், நீலச்சாம்பல், சின்சில்லா ஆகிய நிறக் கால்வழிகளைக் குட்டை உரோம முயல்களில் தூயதாக நிலைநிறுத்தி, எந்த முயல் எதை மறைத்துச் சுமக்கிறது என்பதைச் சோதனைக் கலப்பின் மூலம் கண்டு பதிவு செய்யும் வேலையைச் சமவெளியில் நிழலும் காற்றோட்டமும் உள்ள கொட்டகைகளில் செய்யலாம். நிறத்தை நீண்ட கம்பளியோடு சேர்க்கும் வேலையைக் கொடைக்கானல், நீலகிரி வளர்ப்பாளர்கள் ஏற்கலாம். சோதனைக் கலப்பு என்பது ஐயத்துக்குரிய முயலை, தேடும் ஒடுங்கு பண்பை வெளிப்படையாகக் கொண்ட முயலோடு கலப்பது. முடிவு தெரிய நெடுநாள் ஆகாது. ஈன்ற அன்றே மூடிய இமைக்குள் கண் கருத்துத் தெரிந்தால் நிறமுள்ள குட்டி, செந்நிறமாகத் தெரிந்தால் வெள்ளை. மூன்றாம் நான்காம் நாளில் உரோமம் அரும்பும் முன்பே தோலின் கருமையும் காட்டிவிடும். நிறமுள்ள இரு பெற்றோருக்கு ஒரே ஒரு வெள்ளைக் குட்டி பிறந்தாலும் இரண்டுமே வெள்ளை அல்லீலைச் சுமக்கின்றன என்பது உறுதி. இதை விற்பனை கெடும் என்று மறைக்காமல் மற்றவர்களுக்குச் சொல்லுகிற நேர்மை இல்லாவிட்டால், பத்துக் கொட்டகைகளின் கணக்கும் தவறிப்போகும்.

சின்சில்லா நிறத்துக்கு அடிப்படை தமிழகத்திலேயே கிடைக்கிறது. சோவியத் சின்சில்லாவை வெள்ளை ஜெர்மன் அங்கோராவோடு கலந்தால் முதல் தலைமுறை குட்டை உரோமத்தோடு சின்சில்லா நிறத்தில் பிறக்கும். அவற்றை மீண்டும் ஜெர்மன் அங்கோராவோடு கலக்கும் பிற்கலப்பில் நான்கில் ஒரு குட்டி நீண்ட கம்பளியும் நிறமும் சேர்ந்து வரும். வெள்ளையின் மேல் சின்சில்லா அல்லீல் ஓங்கி நிற்பதால், ஒவ்வொரு பிற்கலப்பிலும் அதைக் கண்ணால் பார்த்தே தேர்ந்தெடுக்க முடியும். சாயமிடாமலேயே வெள்ளிச்சாம்பலாக நூற்கக்கூடிய கம்பளிக்குக் கைநூற்போரிடையே மதிப்பு உண்டு. சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டையும், 2011இல் உயர் நீதிமன்ற ஆணையால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் அறிந்த தமிழ் வாசகர்க்கு, சாயம் வேண்டாத இழையின் பயனைத் தனியே விளக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆலைகள் எந்தச் சாயமும் ஏற்கும் வெள்ளையையே விரும்புவதால், நிறக் கம்பளி சிறு நூற்போருக்கான பொருளாகவே நிற்கும்.

கம்பளியின் அளவும் மென்மையும் ஒரே மரபணுவால் அமைவன அல்ல, பல மரபணுக்களின் கூட்டு விளைவு. ஆதலால் சோவியத் சின்சில்லாவின் ஒரு பாதி முதல் தலைமுறையில் நுழைந்ததும் கம்பளி தரும் திறன் குன்றும். முதல் பிற்கலப்பில் ஜெர்மன் அங்கோராவின் பங்கு சராசரியாக 75 விழுக்காடு, இரண்டாவதில் 87.5, மூன்றாவதில் 93.75 என்று ஏறும். சினைக்காலம் 31 நாள். பிறந்த குட்டி இனப்பெருக்கத்துக்குத் தகுதி பெற ஆறு மாதமேனும் ஆகும். கம்பளியை இரண்டு மூன்று முறை கத்தரித்து எடை போட்ட பிறகே எதைத் தாயாகவும் தந்தையாகவும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டியிருப்பதால், ஒரு தலைமுறைக்கு ஓராண்டு என்று வைத்துக்கொண்டால், முதல் கலப்பிலிருந்து மூன்றாம் பிற்கலப்பின் கம்பளி தராசுக்கு வர நான்கு ஆண்டுகள் ஆகும்.